செத்தவருக்குச் செய்யும் கடமை எது?

சேலம், நாமக்கல் சமவெளியில் ஓர் ஏழை வீட்டில் சாவு விழுந்துவிட்டால், அந்த வீட்டுக்கு இரண்டு பேர் தவறாமல் வந்து சேருகிறார்கள். ஒருவர் சாஸ்திரம் சொல்லுகிறவர். மற்றொருவர் வட்டிக்குப் பணம் கொடுக்கிறவர். செத்தவருடைய ஆத்மா எந்த வழியாக எங்கே போகும், அது நல்லபடியாகப் போய்ச் சேர என்னென்ன செய்ய வேண்டும் என்று முன்னவர் பட்டியல் போடுகிறார். அந்தப் பட்டியலுக்குப் பின்னவர் பணம் தருகிறார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் முன்னவர் போய்விடுகிறார். பின்னவர் போவதில்லை. வாரந்தோறும் வாசலுக்கு வந்து நிற்கிறார்.

மூன்றாவதாக ஒருவரும் சில இடங்களில் வருகிறார். அவர் நம்முடைய இளைஞர், படித்தவர், பகுத்தறிவு உள்ளவர். பாடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆத்மாவாவது, மோட்சமாவது! எல்லாம் புரட்டு!" என்கிறார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால், பெற்ற மகனைப் பறிகொடுத்து மாரில் அடித்துக்கொண்டு அழும் தாய்க்கு அந்த உண்மையால் அந்த நேரத்தில் என்ன பயன்? நம் இளைஞர் பேசிவிட்டுப் போன பிறகு அந்தத் தாய் யாரைத் தேடுகிறாள்? சாஸ்திரக்காரரைத்தான் தேடுகிறாள். "உன் மகன் எங்கேயோ இருக்கிறான்" என்ற வார்த்தை அவரிடத்தில்தான் அவளுக்குக் கிடைக்கிறது. நம்மிடத்தில் அவளுக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். செத்த பிறகு போய்ச் சேருவதற்கு மறு உலகம் ஒன்று இல்லை. சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. எமனும் இல்லை, வைதரணி ஆறும் இல்லை. ஆனால் 'இல்லை' என்று சொல்லுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. செத்தவருக்கு மனிதர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்ற உணர்ச்சி இருக்கிறதே, அது பொய்யல்ல. அந்தக் கடமையை எங்கே செலுத்துவது என்பதுதான் பிரச்னை. காணாத உலகத்தில் செலுத்துவதா, அவர் விட்டுச் சென்ற வீட்டில் செலுத்துவதா? வீட்டில்தான் செலுத்த வேண்டும் என்கிறோம் நாம்.

நம்பிக்கை எப்படிப் பிறந்தது?

மறு உலக நம்பிக்கையைப் புரோகிதர்கள் கூடி உட்கார்ந்து கற்பனை செய்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமானதல்ல. புரோகிதன் வருவதற்கு முன்பே சாவு இருந்தது, அழுகையும் இருந்தது.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. 1985 முதல் அங்கே பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய கல்லறைகள் அங்கே உண்டு. உள்ளே பானைகளும், இரும்புக் கருவிகளும், சூதுபவள மணிகளும் கிடைத்தன. செத்தவருக்கு எதற்குப் பானை? எதற்குக் கருவி? அவர் போகிற இடத்தில் பசிக்கும், வேலை இருக்கும் என்று நம் முன்னோர்கள் எண்ணியிருக்க வேண்டும். நேற்று வரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு இன்று சோறு வேண்டாம் என்று ஏற்றுக்கொள்ள மனித மனம் மறுக்கிறது. இன்றும் கருமாதியன்று செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைக்கிறோமே, அதன் வேர் அந்தக் கல்லறைப் பானையில் இருக்கிறது. அன்புதான் இந்த நம்பிக்கையின் முதல் தாய்.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் செத்து விழுந்த இடத்தைப் படுகளம் என்கிறார்கள். ஊர் ஆட்கள் செத்தவர்களைப் போலத் தரையில் கிடப்பார்கள். வெள்ளைத் துணியால் மூடுவார்கள். தங்கை அழுதுகொண்டு வந்து அண்ணன்மாரை எழுப்புவாள். கிடந்தவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில் கூடியிருக்கும் ஜனத்திரள் அத்தனையும் கண்ணீர் விடும். இது வெறும் மூடத்தனமா? இல்லை. செத்தவர்கள் ஒரே ஒரு தடவை எழுந்து வந்துவிட மாட்டார்களா என்று ஏங்காத மனிதன் யார்? அந்த ஏக்கத்தை ஊரே கூடி ஒரு ராத்திரி முழுவதும் அனுபவிக்கிறது. மறுநாள் காலையில் அவரவர் வேலைக்குப் போகிறார்கள்.

ஏக்கம் உண்மை. எழுந்து வருவதுதான் நடவாதது. இதையும் நம் பழைய இலக்கியமே சொல்லியிருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் சுடுகாட்டைப் பற்றி ஒரு காதை உண்டு. கோதமை என்ற பார்ப்பனப் பெண்ணின் மகன் சார்ங்கலன் அங்கே பயந்து செத்துப் போகிறான். தாய் அவனைத் தூக்கிக்கொண்டு சம்பாபதி என்ற தெய்வத்திடம் முறையிடுகிறாள். மகனுக்குப் பதில் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லுகிறாள். முடியாது என்கிறது தெய்வம். தாய் நம்பவில்லை. எல்லாத் தேவர்களும் வரவழைக்கப்படுகிறார்கள். போன உயிரைத் தர எங்களாலும் ஆகாது என்று அவர்களும் கைவிரித்து விடுகிறார்கள். அந்தக் காப்பியம் மறுபிறப்பை நம்புகிற காப்பியம்தான். ஆயினும், ஒரு தாயின் துக்கத்துக்கு முன்னால் பொய்யான வாக்குறுதி கொடுக்க அது துணியவில்லை. அந்த நேர்மை நம்முடைய சாஸ்திரக்காரர்களுக்கு உண்டா?

மதத்தை அபினி என்று மார்க்ஸ் சொன்னதாக எல்லோரும் எடுத்துச் சொல்லுகிறார்கள். அதே இடத்தில் அவர் வேறொன்றையும் எழுதினார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மக்களுடைய மெய்யான வேதனைதான் மதத்தில் வெளிப்படுகிறது என்பதும் அவர் கருத்து. வேதனையை விட்டுவிட்டு அபினியை மட்டும் பிடுங்க நினைக்கிறவன் வைத்தியன் ஆக மாட்டான்.

லாபம் யாருக்கு?

அன்பிலே பிறந்த நம்பிக்கை, சமுதாயத்தில் ஆள்கிறவர், ஆளப்படுகிறவர் என்ற பிரிவு வந்த பிறகு யார் கைக்குப் போயிற்று? அதைப் பார்ப்போம்.

தர்மபுரி 1965 வரை பழைய சேலம் ஜில்லாவில் இருந்த பூமி. அங்கே ஏராளமான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடுகளைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும், கவர்ந்த மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் நட்ட கற்கள் அவை. சில கற்களில் விண்ணுலகப் பெண்கள் வீரனைத் தாங்கிச் செல்லும் சிற்பமும் உண்டு. ஊருக்காக உயிர் விட்டவனை ஊர் மறக்காமல் இருப்பது உயர்ந்த பண்பு. அதற்கு நாமும் தலை வணங்குகிறோம். ஆனால், போரில் செத்தால் சொர்க்கம் என்ற வாக்குறுதியால் லாபம் அடைந்தவர்கள் யார்? மாட்டு மந்தையும் நாடும் தலைவனுக்கு; சொர்க்கம் படைவீரனுக்கு! இதைவிட மலிவான கூலி உலகத்தில் வேறு உண்டா?

பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள்? கொங்கு நாட்டில் தீப்பாஞ்சம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருக்கின்றன. பெயரே கதையைச் சொல்லுகிறது. புருஷனுடைய சிதையில் ஏறினால் மறு உலகத்திலும் அவனோடு வாழலாம் என்று சொல்லி உயிரோடிருந்த பெண்களை நெருப்புக்குக் கொடுத்தார்கள், பிறகு கும்பிட்டார்கள். உடன்கட்டை ஏறுவது 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை ராஜதானியிலும் சட்டப்படி தடுக்கப்பட்டது. நெருப்பு அணைந்தது, நெருப்பை மூட்டிய எண்ணம் அணைந்ததா? இன்றும் பல வீடுகளில் புருஷனை இழந்தவளைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்து, பூவைப் பறித்து, வளையலை உடைத்து, தாலியை வாங்குகிறார்கள். துக்கத்தில் நொறுங்கிக் கிடப்பவளை இன்னொரு தடவை நொறுக்குகிற காரியம் அல்லவா இது? இதனால் செத்தவனுக்கு என்ன லாபம்?

உழைப்பாளிக்குக் கொடுத்ததோ கர்ம வினை. இந்தப் பிறவியில் நீ படுகிற கஷ்டம் போன பிறவியில் செய்த பாவம். பொறுத்துக்கொண்டால் அடுத்த பிறவியில் நன்மை உண்டு. இதைக் கேட்டுக்கொண்டே எத்தனை தலைமுறைகள் பண்ணையத்தில் முதுகு ஒடிந்து மாண்டு போயின! முந்திய பிறவியின் கணக்கை யாரும் பார்த்ததில்லை. பண்ணையாரின் கணக்குப் புத்தகத்தை மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

'செத்தால் எல்லோரும் சமம்' என்று வேதாந்தம் பேசுகிறார்கள். இது உண்மையா? தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்களில் ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. சேரிச் சுடுகாட்டுக்குப் போகப் பாதை இருக்காது. இருந்தால் அதை மறிக்க வேலி இருக்கும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவரின் சவத்தைக் கொண்டுபோக வழி கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மோட்சத்துக்கு வழி காட்டுவதாகச் சொல்லுகிறவர்கள், மயானத்துக்கு வழி விட மறுக்கிறார்கள்! மேலுலகத்துக்கு வழி சொல்லுவதை நிறுத்திவிட்டு, முதலில் இந்த வழியைத் திறக்கட்டும்.

கடனாகிற கருமாதி

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு விசைத்தறித் தொழிலாளி இறந்து போனார் என்று வைத்துக்கொள்வோம். சாமியானா, நாற்காலி, மேளம், தேர்ப்பாடை, மாலை, வெடி, வந்தவர்களுக்குச் சாப்பாடு, கார் வாடகை, குமாரபாளையத்துக்கு அக்கரையில் பவானிக் கூடுதுறையில் காவேரியில் அஸ்தி கரைக்கும் செலவு, அங்கே தட்சிணை, தானம், பிறகு கருமாதி விருந்து. சனிக்கிழமை செத்துவிட்டால் 'சனிப் பிணம் தனிப் போகாது' என்று பாடையில் கட்ட ஒரு கோழி. அவிட்டம் முதலான சில நட்சத்திரங்களில் செத்துவிட்டாலோ 'அடைப்பு' என்று சொல்லி வீட்டையே மாதக் கணக்கில் பூட்டச் சொல்லுகிறார்கள். மச்சு வீட்டுக்காரர் ஓர் அறையைப் பூட்டி விட்டு வேறு அறைக்குப் போய்விடுவார். ஒரே அறையில் அடுப்பும் தறியும் படுக்கையும் வைத்திருப்பவன் எங்கே போவான்?

'ஊர் என்ன சொல்லும்?' என்ற நிர்ப்பந்தம் வேறு. வாழ்ந்த காலத்தில் ஒரு நாள் வயிறாரச் சாப்பாடு போட முடியாத தகப்பனுக்குக் கருமாதியாவது குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று மகன் நினைக்கிறான். அந்த நினைப்பைக் கேலி செய்ய நமக்கு மனம் வராது. ஆனால் அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது?

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறித் தொழிலாளி முதலாளியிடம் முன்பணம் வாங்குவது வெகுகாலமாக நடந்து வரும் வழக்கம். கல்யாணத்துக்கு முன்பணம், பிரசவத்துக்கு முன்பணம், சாவுக்கு முன்பணம். வாங்கியவன் அதைத் தீர்க்கும் வரை அந்தத் தறிப்பட்டறையை விட்டு நகர முடியாது. கூலி உயர்வு கேட்க வாய் திறக்க முடியாது. தகப்பனை மேலுலகத்துக்கு அனுப்பி வைத்த கடன், மகனைத் தறியோடு கட்டிப் போடுகிறது. முன்பணம் போதாதபோது கந்து வட்டி. அதற்கு மேல் வாரக் கடன்.

கடன் கழுத்தை நெரித்தால் மனிதன் எதைத்தான் விற்க மாட்டான்? 2025 ஜூலையில் பள்ளிபாளையத்திலிருந்து வெளிவந்த செய்தியை வாசகத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் பிடித்து அவர்களுடைய சிறுநீரகங்களைப் பணத்துக்கு எடுக்க வைத்தார்கள் என்று புகார் கிளம்பியது. சர்க்கார் விசாரணை நடத்தியது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. அந்தக் கடன்கள் எல்லாம் சாவுக் கடன்கள் என்று நாம் சொல்லவில்லை. வைத்தியக் கடன், கல்யாணக் கடன், வயிற்றுப்பாட்டுக் கடன் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: செத்தவனுடைய ஆத்மா பத்திரமாகப் போய்ச் சேர இவ்வளவு கவலைப்படுகிற சமுதாயம், உயிரோடிருப்பவனுடைய உடம்பு துண்டு துண்டாக விலை போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது!

தறி நின்ற பிறகு

'மறு உலகம் இல்லை என்றால் எங்களுக்கு என்னதான் மிச்சம்?' என்று ஜனங்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

தறி ஓடிக்கொண்டிருக்கும் வரை தெரு முழுவதும் அதன் சத்தம் கேட்கிறது. தறி நின்றுவிட்டால் சத்தம் எங்கே போயிற்று என்று யாரும் தேடிப் போவதில்லை. இயக்கம் நின்றது, சத்தம் நின்றது. மனித உயிரும் உடம்பின் இயக்கம்தான். மூளையும் இதயமும் நுரையீரலும் சேர்ந்து நடத்துகிற அந்த வேலை நின்றால் உயிர் வேறு ஊருக்குப் பயணம் போவதில்லை, நின்று போகிறது. இதைத்தான் விஞ்ஞானம் சொல்லுகிறது. சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர் 1930களிலேயே தமிழ் மக்களுக்கு எளிய நடையில் விஞ்ஞானத்தை எடுத்துச் சொன்னவர். பேய், ஆவி என்ற பயங்களைத் தாக்கியவர்.

ஆனால் தறி நின்ற பிறகும் அது நெய்த துணி இருக்கிறது. பத்து ஊர் மக்கள் அதை உடுத்துகிறார்கள். செத்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், அவர் செய்த வேலையில் இருக்கிறார். வெட்டிய கிணற்றில், நட்ட தென்னையில், கற்றுக்கொடுத்த தொழிலில், வளர்த்த பிள்ளைகளில் இருக்கிறார் என்று தயங்காமல் சொல்லுவோம். "அப்புச்சி எங்கே போனார்?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "தூங்குகிறார், வந்துவிடுவார்" என்று ஏமாற்ற வேண்டாம். அந்தக் குழந்தை ராத்திரி தூங்கவே பயப்படும். "அப்புச்சி செத்துப் போயிட்டாரு கண்ணு, இனி வரமாட்டாரு, நமக்கெல்லாம் அழுகையா வருது, நீயும் அழலாம்" என்று மடியில் வைத்துக்கொண்டு சொன்னால் குழந்தைக்குப் புரியும். பெரியவர்கள் நினைப்பதைவிடக் குழந்தைகள் தைரியசாலிகள்.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சியம் இருக்கிறது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் மத்திய சிறையில், சுவருக்குள் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. 22 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். அன்று மலபார் சென்னை ராஜ்யத்தில் ஒரு ஜில்லா. நிலப்பிரபுக்களை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் அவர்கள். மாண்டவர்களில் ஒருவர் காவும்பாயிப் போராட்டத்தைச் சேர்ந்த தளியன் ராமன் நம்பியார். அதே சிறையில் அவருடைய மகன் நாராயணன் நம்பியாரும் கைதி. தகப்பன் கொல்லப்பட்டபோது மகன் அதே சுவர்களுக்குள் இருந்தார்.

அந்த மகனுக்கு எந்த ஆறுதலை யார் கொடுத்திருக்க முடியும்? ஊர் இல்லை, உறவு இல்லை, தாயின் மடி இல்லை. உடனிருந்த தோழர்கள்தான் இருந்தார்கள். அவர் 2021 வரை, ஏறத்தாழ நூறு வயது வரை வாழ்ந்தார். தகப்பன் எந்த விவசாயிகளுக்காக உயிரைக் கொடுத்தாரோ அந்த விவசாயிகளின் இயக்கத்தில் வாழ்ந்தார். தகப்பனுக்கு அவர் செய்த திவசம் அந்த எழுபது ஆண்டு வாழ்க்கை. பிப்ரவரி 11 வரும்போதெல்லாம் சேலத்தில் செங்கொடி ஏந்தியவர்கள் கூடி அந்த 22 பேரையும் நினைக்கிறார்கள். பிறந்த ஊரை விட்டு நெடுந்தூரத்தில் செத்தவர்கள், செத்த ஊரில் உறவினர்களைப் பெற்றுவிட்டார்கள். சாவை வெல்லுவதற்கு மனிதனுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, சாவு வீட்டுக்குப் போகிற தோழர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். அங்கே வாதம் வேண்டாம், வேலை செய்யுங்கள். நெற்றியில் திருநீறு இட்டு அழுபவரும் நம் மனிதர். மோட்ச விளக்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு கிழவி ஆசைப்பட்டால் விளக்கைத் தட்டிவிடுவது பகுத்தறிவு ஆகாது. அந்த விளக்குக்கு எண்ணெய் வாங்கக் கடன் வாங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

முதலாவது, பணம். ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு பட்டறையிலும், ஒவ்வொரு சங்கத்திலும் சாவு நிதி ஒன்று இருக்க வேண்டும். மாதம் ஒரு சிறு தொகை சேர்த்தால் போதும். சாவு விழுந்த அன்றே அது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வட்டிக்காரர் வாசலுக்கு வருவதற்கு முன்னால் சங்கம் வாசலில் நிற்க வேண்டும். கருமாதி விருந்தைச் சுருக்குவதற்கு ஊரில் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் முதலில் முன்வர வேண்டும். அவர்கள் சுருக்கினால்தான் ஏழைக்குச் சுருக்கத் தைரியம் வரும்.

இரண்டாவது, உரிமை. 1982ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் போராடிப் பெற்றது. அதன் வழியாக வந்த நலவாரியங்கள் உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித் தொகையும் ஈமச் சடங்குச் செலவும் தருகின்றன. விசைத்தறிக்கு வாரியம் உண்டு, கட்டுமானத்துக்கு உண்டு, ஓட்டுநருக்கு உண்டு. ஆனால் பதிவு செய்யாதவன் செத்தால் என்ன கிடைக்கும்? பதிவைப் புதுப்பிக்காதவனுடைய மனைவி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவரும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் போகிறவரும் ஆயிரம் மைல் தூரத்தில், பாஷை தெரியாத ஊரில் விபத்தில் சாகிறார்கள். சவத்தை ஊருக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு? நஷ்ட ஈட்டு வழக்கை நடத்துவது யார்? முதலாளி கொடுக்கிற சொற்பத் தொகைக்கு அந்த விதவையிடம் கையெழுத்து வாங்கிவிடாமல் காவல் இருப்பது யார்? சங்கம்தான். செத்தவருக்கு நாம் செய்யும் முதல் தர்ப்பணம் இந்தத் தாள்களைப் பூர்த்தி செய்வதுதான்.

மூன்றாவது, மயானம். எந்தச் சாதிக்கும் தனி வேலி இல்லாத பொது மயானம், அதற்குப் பாதை, தண்ணீர், கூரை ஆகியவை வேண்டும். இது ஊராட்சிக்கும் சர்க்காருக்கும் நாம் வைக்கும் கோரிக்கை. சாதியின் பெயரால் பறை அடிக்கவும் குழி வெட்டவும் யாரையும் நிர்ப்பந்திக்கக் கூடாது. அந்த வேலைகளைச் செய்கிறவருக்கு உரிய கூலியும் மரியாதையும் தர வேண்டும்.

நான்காவது, பெண்கள். புருஷனை இழந்தவளின் பூவையும் வளையலையும் தொட ஒருவருக்கும் உரிமை இல்லை என்று நம் வீடுகளிலிருந்தே ஆரம்பிப்போம். மகளும் கொள்ளி வைக்கலாம்; மனைவியும் மயானம் வரை வரலாம். ஒப்பாரியை நாகரிகமற்றது என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள். மனசுக்குள் புழுங்குகிறதை எல்லாம், மாமியார் கொடுமை முதல் வறுமை வரை, பெண்கள் ஊரறியக் கொட்டித் தீர்க்க இருந்த இடம் அது ஒன்றுதான். நான்கு பெண்கள் தோளோடு தோள் கட்டி அழுதால் நெஞ்சின் பாரம் குறைகிறது. ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைவிட அது மேலானது.

ஐந்தாவது, உடம்பு. சேலத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துக் குடும்பத்தில் பிறந்து, ஒரு காலத்தில் கம்யூனிஸ்டுத் தலைவராக இருந்த மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. அங்கே நம் பிள்ளைகள் வைத்தியம் படிப்பதற்கு மனித உடம்பு வேண்டியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த ஜோதிபாசு 2010இல் மறைந்தபோது அவருடைய உடல் மருத்துவப் படிப்புக்குத் தரப்பட்டது. 2024இல் சீதாராம் யெச்சூரியின் உடல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தரப்பட்டது. மூளைச் சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் செய்யும் ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்து வருகிறது. அப்படித் தானம் செய்தவருடைய இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் மாநில சர்க்கார் அறிவித்தது. உயிரோடிருக்கும் ஏழையின் சிறுநீரகத்தைத் தரகன் விலை பேசுவது ஒரு முறை. செத்தவரின் உறுப்பு ஒரு காசு கைமாறாமல் யாரென்று தெரியாத இன்னொருவரை வாழ வைப்பது இன்னொரு முறை. முன்னது இந்தச் சமுதாயத்தின் நோய். பின்னது வரப்போகும் சமுதாயத்தின் குணம்.

ஆறாவது, மிகவும் சாதாரணமானது. ஆனால் மிகவும் மறக்கப்படுவது. பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். பதினேழாம் நாள் யாரும் இருப்பதில்லை. சாவு மெய்யாக வந்து உட்காருவது அந்தப் பதினேழாம் நாளில்தான். பால்காரன் வந்தால் ஒரு ஆழாக்கு குறைத்து ஊற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேஷன் அட்டையில் ஒரு பெயரை அடிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் வந்து நிற்கிறது. அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போங்கள். அடுத்த மாதமும் போங்கள். விதவை ஓய்வூதியத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். துக்கம் தாங்காமல் சாப்பாடும் தூக்கமும் இன்றி, வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், 'காலம் ஆற்றும்' என்று விட்டுவிடாமல் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். துக்கம் முற்றி நோயாகிவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு.

மறு உலகம் இருக்கிறது என்று நம்புகிறவரும், இல்லை என்கிற நாமும் இந்த ஆறு காரியங்களிலும் சேர்ந்து நிற்க முடியும். சேர்ந்து நின்ற இடத்தில் நம்பிக்கையைப் பற்றிய விவாதமும் தானாகவே நல்ல முறையில் நடக்கும். கடன்காரன் பயம் இல்லாத வீட்டில், ஊரார் கை விடாத வீட்டில், எமனைப் பற்றிய பயம் வெகு நாள் தங்காது. சொர்க்கத்தைப் பற்றிச் சாஸ்திரக்காரர் சொல்லுவதைவிட, பதினேழாம் நாள் கதவைத் தட்டுகிற பக்கத்து வீட்டுக்காரரின் குரல் அந்தத் தாய்க்குப் பெரிய ஆறுதல். அந்தக் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.